எட்டாம் பலகை

நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது கஜனிக்கு நடந்தது. போன வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில் நடந்தது. எந்த நொடியில் என்ன நடந்ததென்பது இன்றும் பதிவில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

கஜனி கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். வெளிநாட்டில் நடக்கவிருந்த ஓர் அணுக்கருப் பௌதிக ஆய்வுக்காக, தரவு பதியும் புதிய கருவி ஒன்றை அவளும் கூட வேலை செய்யும் சதீஸும் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். கருவி இருந்தது கண்டாவளையில், வயல்வெளி நடுவே நிறுத்திய இரும்புக் கொள்கலனுக்குள். கப்பலில் சாமான் ஏற்றுவார்களே, அந்த மாதிரி நீளமான பெட்டி. யன்னல் கிடையாது. உள்ளே சுவரோரமாக எட்டுக் கறுப்புப் பலகைகள். முதலாவது கதவருகே, எட்டாவது உள் மூலையில். வானத்திலிருந்து விழும் நுண்ணிய துகள் ஒன்று ஊடுருவினால் பலகைக்குள் ஒரு மினுக்கம் உண்டாகும். பகல் வெளிச்சம் பட்டால் பலகை குழம்பிவிடும் என்பதால் உள்ளே எப்போதும் கும்மிருட்டு; சின்ன டோர்ச் வெளிச்சம் மட்டும் ஒன்றும் செய்யாது.

முன்பிருந்த கருவி, இரண்டு பலகைகள் ஒரே கணத்தில் மினுங்கினால் மட்டுமே பதியும். தனியாக ஒரு பலகை எதைச் சொன்னாலும் குப்பையென்று தள்ளிவிடும். புதியது எதையும் தள்ளாது. எட்டுப் பலகைகளும் உணர்வதெல்லாம் நேரத்தோடு, வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல, நிற்காமல் கேபிள் வழியே கிளிநொச்சிக்கு ஓடும். அங்கே சதீஸின் மேசைத் திரையில் விழும்.

அன்று முதலாம் பலகையின் வயர் முனை ஆடுகிறதென்று, அதை இறுக்கக் கஜனி தனியாக வந்தாள். சதீஸ் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு ஏற்ற வருவதாகச் சொல்லிப் போனான். 11.10க்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசி இரைந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருக்கும் ஆண்டியப்பன், பூட்டுத் திறந்தபடி தொங்குவதைக் கண்டு, யாரோ மறந்துவிட்டார்கள் என்று வெளியே ஆமைப்பூட்டை அமத்திப் பூட்டிவிட்டுப் பரந்தனுக்குப் போய்விட்டார். அவளுக்கு அது கேட்கவில்லை.

11.42. கறண்ட் போனது.

ஏசி நின்றது. யூபிஎஸ் மட்டும் பீப்... பீப்... என்று கத்தியது. கஜனி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். கையால் அறைந்தாள். ஆண்டியப்பன் அண்ணையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வயலில் யாரும் இல்லை. இரும்புக்குள் போனுக்குச் சிக்னலும் இல்லை.

பத்து நிமிடத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. சுவரில் கை வைக்க முடியவில்லை, சுட்டது. மூன்று மணிவரை தாங்கமாட்டேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே கணினி இல்லை. கதவருகே ஒரு சிறிய திரை மட்டும். அதில் எட்டு வரிசைகள், பலகைக்கு ஒன்று. துகள் விழுந்தால் ஒரு புள்ளி. வயர் முனையில் விரலால் தட்டினால் நெட்டையாக ஒரு கோடு. அதைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. இந்தக் கருவி எதையும் தள்ளாதே... தான் தட்டினால் அதுவும் சதீஸிடம் போகுமே. யூபிஎஸ் ஒரு மணித்தியாலம் தாங்கும். அதற்குள் அவன் பார்க்க வேண்டும்.

12.04. முதலாம் பலகையில் மூன்று தரம் தட்டினாள். டக்... டக்... டக்.

முதலாம் வரிசையில் மூன்று கோடுகள்.

பிறகு, எட்டாம் வரிசையில் மூன்று கோடுகள்.

வயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். இந்தமுறை இரண்டு தரம் தட்டினாள்.

எட்டிலும் இரண்டு.

ஐந்து தட்டினாள்.

ஐந்து.

போன் டோர்ச்சை உள் மூலைக்குப் பிடித்தாள். பலகை தெரிந்தது. வயர் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை.

12.17. அவள் தட்டவில்லை. ஆனாலும் கோடுகள் விழுந்தன. மூன்று.

ஏழாம் வரிசையில்.

12.19. ஆறாம் வரிசையில்.

நடந்து வருவதுபோல... ஒவ்வொரு பலகையாக.

12.22. ஐந்தாம் வரிசையில். டோர்ச் வெளிச்சம் ஐந்தாம் பலகையின் வயர் முனையில்தான் இருந்தது. முனை அசையவேயில்லை. திரையில் மட்டும் மூன்று கோடுகள்.

"ஆர் அது?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

12.26. நான்கு.

பின்னால் போக இடமில்லை. முதுகு கதவில்.

12.31. மூன்று.

டோர்ச் மங்கியது. போன் அணைந்தது.

12.34. இரண்டு.

அவள் திரையை அணைத்தாள். பார்க்க முடியவில்லை.

இருட்டு. சூடு. பீப்... பீப்...

இடது காதுக்குப் பக்கத்தில், முதலாம் பலகையில்...

டக்.

டக்.

டக்.

அப்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். பூட்டில் திறப்பு உரசியது. கதவு திறந்ததும் கஜனி புல்லில் போய் விழுந்தாள். சதீஸ் வெளியே ஒருபக்கமாக நின்றபடியே கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மற்றாள் எங்க?" என்று கேட்டான்.

"எந்த மற்றாள்?"

"ரெண்டு பக்கத்தாலயும் தட்டினீங்கள் தானே. ரெண்டு பேர் மாட்டுப்பட்டிட்டினம் எண்டுதான் ஓடி வந்தனான்."

"நான் மட்டுந்தான் நிண்டனான், சதீஸ்."

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் பழைய பதிவுகளைத் தேடினார்கள். புதிய கருவியை முடுக்கிய நாளிலிருந்து, எட்டாம் பலகையில் ஒவ்வொரு மத்தியானமும் மூன்று தட்டுகள். உள்ளே யாரும் இல்லாத நாட்களிலும். எட்டாவது மட்டும் தனியாகச் சொன்னதால், பழைய கருவி எவ்வளவு காலமாக அதைக் குப்பையென்று தள்ளியதோ, யாருக்கும் தெரியாது.

கஜனி வெளியே வந்த நாளுக்குப் பிறகு ஒரு தட்டும் இல்லை.

அந்த நாளின் கடைசி நிமிடத்தையும் பார்த்தார்கள். கதவு திறந்ததும் வெயில் பட்டு முதலாம் வரிசை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளையில் யாராவது வாசலைக் கடந்தால் நிழல் விழுந்து ஒரு கணம் கறுக்கும். சதீஸ் உள்ளே காலே வைக்கவில்லை.

முதல் நிழல் 12.41.18. அது கஜனி.

இரண்டாவது நிழல் 12.41.22.