நின்றுகொண்டே அளந்த உறை

தோலில் பெல்ட் துளை வெட்டுவதற்கு முன் மூன்று தடவை அளக்க வேண்டும். எனக்கு ஒரு தடவை அளப்பதற்கே பொறுமை கிடையாது. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டின் சமையலறை மேசைதான் என் பட்டறை. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் தோல் உறைகள் செய்கிறேன், டெஸ்டருக்கு, பிளேயருக்கு, ஸ்குரூடிரைவருக்கு. வாங்குகிறவர்கள் லிஃப்ட் ரிப்பேர்காரர்கள், ஏர்கான் ஆட்கள், துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்து எலக்ட்ரிஷியன்கள்.

துளையின் இரண்டு முனையிலும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. வட்ட ஓட்டை விழும். பிறகு இரண்டையும் இணைத்துக் கத்தியால் இரண்டு கோடு. வெறும் கத்தியால் கீறினால் சீக்கிரமே முனையிலிருந்து கிழியத் தொடங்கிவிடும். இடம் தப்பினால் அந்தத் தோல் போனதுதான்.

என் மனைவி தேக்காவில் ஒரு பூக்கடையில் பல வருடமாக மாலை கட்டுகிறவள். எட்டு மாதத்துக்கு முன் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கை ஓரளவு சரியாகிவிட்டது, பூவைப் பிடிக்கும். கால் மட்டும் நம்ப முடியாது, குனிந்தால் தள்ளாடும். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் கடைக்கார அம்மாவுக்கு போன் போட்டாள்.

"வாங்கக்கா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா கத்தரிக்கோல் விழுந்தா நீங்க குனிவீங்க. விழுந்துட்டீங்கன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒரு காலையில வந்து பாருங்க லா. குனியாம முடிஞ்சா அப்புறம் பழையபடி வாங்க."

அவ்வளவுதானே, நான் எதற்கு இருக்கிறேன் என்று கத்தரிக்கோலுக்கு ஓர் இடுப்பு உறை செய்யத் தோலை எடுத்தேன். அன்றே வெட்டி, தைத்து, என் இடுப்பில் கட்டிக்கொண்டு ஹாலில் நாலு நடை நடந்து பார்த்தேன். கத்தரிக்கோல் சும்மா கம்மென்று உட்கார்ந்திருந்தது. பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் காலையில் நான் எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏப்ரனுக்கு மேல் பெல்ட்டைக் கட்டி, ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உறையின் அடி ஸ்டூலில் முட்டியது. மொத்த உறையும் மேலே ஏறி, பிடி அவள் விலாவில் குத்தியது. முழங்கையால் அதைத் தள்ளித் தள்ளிவிட்டே அரை மாலை கட்டினாள். அடுத்து அவள் பூக்கூடைப் பக்கம் சாய்ந்தபோது கத்தரிக்கோல் எகிறித் தரையில் விழுந்தது. பழக்க தோஷம், சட்டென்று குனிந்துவிட்டாள். கடைக்கார அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்லக்கா. அப்புறம் பார்க்கலாம்," என்றார். அந்த 'அப்புறம்' எனக்குச் சுருக்கென்றது.

திரும்பும்போது எம்.ஆர்.டி. ரயிலில் அவளுக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையும் காலிதான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு ஸ்டேஷன் தாண்டியதும் அவள் உறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஏங்க, இத யாருக்குச் செஞ்சீங்க?"

"என்ன கேள்வி? உனக்குத்தான்."

"நான் நின்னுக்கிட்டா பூ கட்டுறேன்?"

இத்தனை உறை செய்தேன், ஒன்றுகூட உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ததில்லை. என் ஆட்கள் ஏணியில் நிற்பார்கள், கூரையில் நிற்பார்கள். நானோ, கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தியை எடுத்துப் பழைய துளையையே பெரிதாக்கப் போனேன்.

"வைங்க அத. முதல்ல உக்காருங்க," என்றாள்.

அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார, நான் தரையில் உட்கார்ந்தேன். புதுத் தோலை வெட்டி அவள் இடுப்பில் வைத்துப் பிடித்தேன். துளை இன்னும் கீழே வரவேண்டும். அப்போதுதான் உறை பெல்ட்டுக்கு மேலே தூக்கி நிற்கும், அடி ஸ்டூலில் முட்டாது. துளை சாய்வாகவும் இருக்கவேண்டும். வாய் முன்பக்கம் திரும்பும், பிடி விலாவில் குத்தாது. பென்சிலால் குறித்தேன், அவள் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். அழித்துவிட்டு மறுபடி குறித்தேன். என் கால் துறுதுறுவென்றது. எழுந்து ஃபேனைப் போடலாமா, தண்ணீர் குடிக்கலாமா, ஏதாவது சாக்கு கிடைக்காதா என்று மனம் அலைந்தது.

அப்போது அவள் இடது கையை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். மடியில் கிடந்த கையின் விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. எட்டு மாதமாக மருந்து வாங்க, ஆஸ்பத்திரி ஃபாரம் நிரப்ப, டாக்ஸி பிடிக்க என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஊரே மெச்சியது. உண்மை வேறு. உட்கார்ந்தால் இந்தக் கையைப் பார்க்க வேண்டிவரும் என்று பயந்துதான் ஓடினேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. ஒண்ணும் செய்யாது," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி கத்தரிக்கோலை எடுத்து, திரும்ப வைத்தாள்.

மூன்று தடவை அளந்து வெட்டினேன்.

அவளே கடைக்கு போன் செய்து, இன்னொரு நாள் காலையில் வரட்டுமா என்று கேட்டாள். புது உறையோடு போனோம். உட்கார்ந்தாள், நாரை இழுத்தாள், கீழே பார்க்காமலே கத்தரிக்கோலை எடுத்து நறுக்கி, பார்க்காமலே செருகினாள். கடைக்கார அம்மா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் பக்கம் நீட்டினார்.

"அவருக்கு வேணாம்," என்றாள் என் மனைவி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் உக்கார மாட்டார்."

நான் ஸ்டூலை வாங்கி அவள் இடது கைப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.