மருந்து போனபின் மிஞ்சியது

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு ‘இல்லையக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் கையெழுத்திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் அந்த ஒரே சொல்தான் இருக்கும்: பூச்சிமருந்து இல்லை, ஈயம் இல்லை. கேலியைக் கேட்டு அக்காவும் சிரித்துக்கொள்வார். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்பதைவிட நல்ல சேதி வேறென்ன?

மீன்குஞ்சு வளர்ப்பவர் மூன்றாம் முறை பாட்டிலோடு வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அவர் தண்ணீர் எடுக்கும் வாய்க்காலை ஒட்டிய மேட்டுத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்து மழையும் பெய்தால், பத்துப் பதினைந்து நாளில் அவர் தொட்டியில் குஞ்சுகள் சோர்ந்து மிதக்கும்.

“நீங்க இல்லை இல்லைன்னு எழுதிக் குடுக்கறீங்க. செத்ததை அள்ளிக் கொட்டுறது நான்தானேக்கா,” என்றார். கோபம்கூட இல்லாமல் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

அன்று மதியம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களைக்கொல்லி மண்ணில் மாயமாகிவிடுவதில்லை, நுண்ணுயிர்கள் அதை வேறொரு பொருளாகச் சிதைக்கும், அந்த மிச்சம் மூலமருந்தைவிட நெடுநாள் தங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும், யாரும் கேட்கவில்லை என்று இத்தனை வருடம் தேடாமல் இருந்துவிட்டார்.

அந்த மிச்சத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றார்.

“அதுக்கு இவ்வளவுதான் இருக்கலாம்னு வரம்பே கிடையாதேம்மா. சும்மா போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கலாமா?”

“மடி என்னோடதுதானே சார். விட்டுக்கறேன்.”

வேறு முறை, வேறு ரசாயனம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூடத்தில் இரவல் வாங்கிய கரைசல். இரண்டாம் நாள் மாலை, கருவியின் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு, அந்த மிச்சத்துக்குரிய இடத்தில் சட்டென்று நிமிர்ந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினார். மறுபடியும் நிமிர்ந்தது. கண்டுபிடித்த மகிழ்ச்சி வரவில்லை. பழைய கோப்புகள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பவே கூசியது.

‘களைக்கொல்லி இல்லை. அதன் சிதைவுப்பொருள் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தார்.

மீன்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “இதுதான் கொன்னுச்சாக்கா?”

“அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. மருந்து இலையில ஒட்டறதுக்குன்னு சோப்பு மாதிரி ஒண்ணு கலப்பாங்க. அதுவும் மீனோட செவுளைக் கெடுக்கும். அதை இங்க பார்க்க வசதியில்லை. ஆனா தோட்டத்துத் தண்ணி உங்க தொட்டிக்கு வருது. அதுல சந்தேகமே இல்லை.”

அந்தக் காகிதத்தோடு மீன்காரர் தோட்டக்காரர்களிடம் போனார். முதலில் வாய்ச்சண்டைதான். பிறகு, வாய்க்கால் ஓரத்தில் மட்டும் மருந்தடிக்காமல் களையைக் கொத்தி எடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். இவரும் தண்ணீர் எடுக்கும் குழாயை, வாய்க்கால் தோட்டத்தைத் தொடுவதற்கு முந்தின இடத்துக்கு மாற்றிப் போட்டார். அடுத்த மழைக்கும் கொஞ்சம் குஞ்சுகள் செத்தன. முக்கால்வாசி பிழைத்தன.

போனில் அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்து எப்ப மருந்தடிக்கிறாங்களாம்?” என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டார்.