ஹீட்டருக்கு ஒரு நாள் லீவு

வங்காளத்தில், சால்ட் லேக்கில் உள்ள ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குக் காவல் இருப்பதுதான் என் ஆராய்ச்சி. தொட்டியின் அடியில் உப்பு அதிகம், மேலே போகப்போகக் குறைவு. கீழே ஹீட்டர். சூடான அடித்தண்ணீர் மேலே ஏறப் பார்க்கும்; உப்பின் கனம் விடாது. பாதியில் நின்று, அங்கேயே சுழன்று, ஓர் அடுக்காகிவிடும். அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. நடுவே மெல்லிய எல்லை. சூடு அதைச் சுலபமாகக் கடந்துவிடும், உப்பு கிட்டத்தட்ட அங்கேயே கிடக்கும்.

இரண்டு அடுக்கும் ஒன்றாகும் நேரத்தை அளந்துவிட்டால் என் தீசிஸ் முடியும். சென்னைக்கு, கணவரிடம் போகலாம். கல்யாணமானதிலிருந்து அவர் ஃபோனில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப வர்ற?" நானும் கிளிப்பிள்ளை மாதிரி, "இந்த எக்ஸ்பெரிமென்ட் ரன் முடியட்டும்" என்பேன். கத்துவார். மறுநாள் சரியாகிவிடுவார்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்கு இந்த ஊரில் இயந்திரங்களுக்கெல்லாம் ஓய்வு. எனக்கா தெரியாது, இங்கேயே பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்! 'தொடாதீர்கள்' என்று தொட்டியில் பெங்காலியில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் ஹீட்டருக்குக் குங்குமம், சாமந்தி மாலை. சுவிட்ச் அணைந்திருந்தது.

"தொட்டியத் தொடவே இல்லம்மா," என்றார் லேப் உதவியாளர், பெங்காலியில். காக்கு என்று சித்தப்பா முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவோம். "மெஷினுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?"

பிரசாதத்தையும் நீட்டினார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடியில் கைவைத்தேன். சூடு மொத்தமும் போயிருந்தது. விளக்கைப் போட்டேன். அடுக்குகளுக்கு நடுவே அந்தக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. உப்புக்கு அவசரமே கிடையாது. எட்டிப் பார்த்த புரொஃபசர், முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அறையிலிருந்து எனக்கு விடுதலையே இல்லை என்று அழுகை முட்டியது.

அங்கிருந்தே கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கத்தப்போகிறார் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"சரி, பாத்துக்கோ," என்றார் நிதானமாக. "இனிமே எப்ப வர்றன்னு கேக்க மாட்டேன்."

ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கத்துங்களேன்," என்றேன்.

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.