மடுவத்து வாயுவில் ஒரு தேநீர்

இந்த 1979 மாசியில் நானும் மனைவி கமலமும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனது கோயிலுக்கோ கலியாணத்துக்கோ அல்ல; மாடு அறுக்கும் மடுவத்தைப் பார்க்க. நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத சைவக் குடும்பம். சிரிக்காதீர்கள். விறகுப் புகையில் கமலத்துக்கு இளைப்பு வந்துவிட்டது. மடுவத்துக் கழிவில் எரிவாயு எடுத்துச் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சாணத்தில் நாமும் செய்யலாமா என்று பார்க்கக் கிளம்பினோம்.

நீர்வேலியிலிருந்து பட்டினம் ஆறு மைல். காலை பஸ்ஸில் வாழைக்குலைகளுக்கு நடுவே நின்றபடி போனோம். பிறகு நடை. வழி கேட்டபோதெல்லாம் எங்கள் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "மடுவத்துக்கோ?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் போனோம். அவ்வளவு நாற்றம் இல்லை. மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் சுலைமானை எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். அவர் வேலிக்குப் பின்னால் இருந்த தொட்டியைக் காட்டினார். இரத்தம், குடல், குடலில் கிடந்த புல் எல்லாவற்றையும் சாணத்தோடு கரைத்து நிலத்தடித் தொட்டியில் விடுகிறார்கள். காற்றுப் புகாமல் அது புளிக்க, வாயு எழும்பி, மேலே கவிழ்த்த இரும்புப் பீப்பாவை உயர்த்துகிறது. அதிலிருந்து அவர் வீட்டுக் குசினி அடுப்புக்கு ஒரு குழாய்.

"முதல்லை ஆசையிலை இரத்தத்தை அளவுக்கு மிஞ்சி ஊத்திப்போட்டன். அடுப்பும் நிண்டு போச்சு, நாத்தமும் கிளம்பிச்சு. அயலாக்கள் மடுவத்தைப் பூட்டச் சொல்லி வந்திட்டினம்."

"பிறகு?"

"கழிவை நிப்பாட்டிப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் சாணம் மட்டும் விட்டுப் பொறுத்திருந்தன். திரும்ப எரிஞ்சுது. இப்ப அவையளே வாழைக்கு ஊத்த இந்தக் கழிவுத் தண்ணியைக் கேட்டு வருகினம்."

அவர் மனைவி பாத்துமா, "நீங்கள் சைவம். உங்களுக்குப் புறம்பா விறகிலை, புதுச் சட்டியிலை தேத்தண்ணி வைக்கிறன்" என்று முற்றத்தில் கல் வைத்து ஊதத் தொடங்கினார். பனியில் நனைந்த விறகு. புகை முகத்தில் அடிக்க, இருமி இருமிக் கண் கலங்கினார்.

கமலம் எழுந்துபோய் விறகை வெளியே இழுத்தாள்.

"விடுங்கோ அக்கா. உங்கடை அடுப்பிலையே வையுங்கோ."

"அது மாட்டுக் கழிவிலை எரியிற நெருப்பு, தங்கச்சி."

"ஓம், தெரியும். நெருப்பையே குடிக்கப் போறம்?"

நீலச் சுவாலை புகையில்லாமல் எரிந்தது. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்; கமலம் இரண்டாவது கோப்பையும் வாங்கினாள்.

போக விரும்புகிறவர்கள் காலையிலேயே போங்கள், கழிவு கரைப்பதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், நானா தொழுகைக்குப் போய்விடுவார். வீட்டில் தொட்டி கட்டினால், முதலில் வரும் வாயு எரியாது. அதை வெளியே விட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

எங்கள் தொட்டியின் வாயு, மாட்டுச் சாணத்தில், ஆனியில் எரியத் தொடங்கியது. அன்றைய சாப்பாட்டுக்கு நானாவையும் பாத்துமா அக்காவையும் அழைத்திருந்தோம். பந்தியில் எங்கள் ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கமலம் எதையும் கவனிக்காதவள் போல வந்து, முதல் இலையைப் பாத்துமா அக்காவுக்குப் போட்டாள்.