வயலைப் பார்க்காமல் மெஷின் கொடுக்காதவர்

குடவாசல் பக்கம் ஒரு விவசாயிக்கு, மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. செல்வகுமார் சார் போய்விட்டார், மாரடைப்பு என்றார்கள். மெஷின் சம்பா பயிருக்கு மேல் பறந்துகொண்டிருந்தது. அதைப் பத்திரமாக வாய்க்கால் கரையில் இறக்கிய பிறகுதான் என்னால் உட்கார்ந்து அழ முடிந்தது. அவர் பக்கத்தில் இருந்திருந்தாலும், "முதல்ல மெஷின இறக்குங்க உமாம்மா" என்றுதான் சொல்லியிருப்பார்.

பாபநாசத்தில் எங்கள் சிறிய ட்ரோன் யூனிட்டில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரும் நானும் பங்குதாரர்கள். வடிவமைப்பு அவருடையது, வியாபாரம் என்னுடையது. யார் வாங்க வந்தாலும், விலை சொல்வதற்கு முன்பே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர்கள் வயலில் இறங்கிவிடுவார். "வயலப் பாக்காம மெஷின் கிடையாதுங்க" என்பார். வந்த ஆளை விரட்டுகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

யூனிட் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. இவர் வழக்கம்போல வீடியோவில் வயலைக் காட்டச் சொன்னார். வாங்குகிறவர் தன் அலுவலகத்தைக் காட்டினார். பிறகு மருந்து டேங்க் வேண்டாம், தெளிக்கும் நாசில் வேண்டாம், அந்த இடத்தில் கனமான பொருளைத் தொங்கவிட்டு நடுவானில் கழற்றிவிடும் கொக்கி வேண்டும் என்றார். இப்படிப்பட்ட ட்ரோனை நாட்டைவிட்டு அனுப்ப டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விவசாயம் என்று எழுதிவிடுங்கள் என்றார் வாங்குகிறவர்.

"எழுதினா அனுமதி கிடைச்சிரும். அதான் பயமா இருக்கு" என்றார் சார். "டெல்லியில இருக்கறவங்க வயல வந்து பாக்க மாட்டாங்க. நம்ம கையெழுத்தத்தான் நம்புவாங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. யூனிட் பாதி காலியானது. வயரிங் வேலை பார்த்த மல்லிகா நேராகவே கேட்டுவிட்டார்: "எங்கயோ யாரோ சாவக் கூடாதுன்னு பாக்கறீங்க, சரி. இங்க நாங்க என்ன சார் பண்றது?" அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மல்லிகா வேலை தேடி ஓசூருக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு எந்நேரமும் போனில் போர்ச் செய்திதான். கட்டடங்கள் மேல் விழும் ட்ரோன்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பி, "நாம குடுக்கல. சண்ட நின்னுச்சா பாருங்க" என்றார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று ஊரில் பேசினார்கள். இப்படி எங்களை விட்டுவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

நேற்று அந்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து இரங்கல் மெயில் வந்தது. ஆர்டர் இன்னும் இருக்கிறது, இனி உங்கள் தரப்பில் யார் கையெழுத்திடுவார்கள் என்று கடைசியில் கேட்டிருந்தார். மிச்சமிருக்கும் ஆட்களோடு இந்த மாதம் ஓடுமா என்றே தெரியவில்லை. சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம்தான். இங்கே கையெழுத்துப் போட யாரும் இல்லை என்று பதில் அனுப்பினேன்.