பேய்க்கு வந்த முதுமை

கோடைக் கூட்டம் போனபின் பக்கத்துக் கடலோரத் தீவு அழகாக இருக்கும் என்று சொல்லி, என் கணவர் எங்களை எடிசனிலிருந்து இன்று அங்கே அழைத்துப் போனார். கடற்கரையில் பரங்கிக்காயில் பேய்முகம் செதுக்கும் போட்டி. எப்படியாவது பரிசு ரிப்பன் வாங்கிவிட வேண்டும் என்று மகள் நித்யா துடித்தாள்.

உள்ளே சுரண்டித் தருவது அவள் அப்பாவின் வேலை. மற்றவர்கள் சதையைக் குப்பையில் போட்டார்கள். இவர் டப்பாவில் நிரப்பினார்.

"போதும்ங்க, தோல்தான் மிச்சம்."

"சும்மா இரு. இன்னும் ஒரு கூட்டுக்குத் தேறும்."

நித்யா அழகாகத்தான் பேய்முகம் செதுக்கினாள். ஆனால் நடுவர் வருவதற்குள் வெயிலில் நெற்றி சுருங்கி, கன்னம் ஒட்டி, வாய் தொங்கிவிட்டது.

"டாடி, யூ கில்ட் மை கோஸ்ட்!"

நடுவரம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். இத்தனை வயதான பேயை யாரும் செய்ததில்லை என்று வியந்து, முதல் பரிசு ரிப்பனைக் குத்தினார்.

வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை.

"இட்ஸ் மை ஆர்ட், டாடி."

"சுரண்டினது யாருடி?"

ரிப்பனுக்கு இருவர் உரிமை கோருகிறார்கள். நான்கு டப்பா பரங்கிக்காய்க்கு ஒருவரும் இல்லை.

எடிசன் நண்பர்களே, நாளை நீங்கள் ஊரில்தானே இருக்கிறீர்கள்? பொய் சொல்லாமல் பதில் போடவும்.