பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம்

வீட்டு புரோக்கர் தொழிலுக்கு வருகிறவன் முதலில் பழக வேண்டியது, "பஸ் ஸ்டாண்டுலேருந்து பத்தே நிமிஷம்" என்பதை முகம் மாறாமல் சொல்வது. புதுக்கோட்டையில் பதினெட்டு வருஷமாக நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடு பார்த்துப் பார்த்துச் செருப்புத் தேய்ந்தவர்கள், கேட்டைத் திறந்ததுமே "தண்ணி எப்படி?" என்று கேட்டுப் பழகிப்போனவர்கள், தள்ளியிருக்கிற பெரிய வீடா கிட்டத்தில் இருக்கிற சிறிய வீடா என்று வீட்டுக்காரியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரி. உங்களை அலையவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நான் பட்டதையும் உங்களிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒரே விலையில் இரண்டு வீடு

போன வருஷம் என் கையில் இரண்டு வீட்டுச் சாவிகள் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் விலை ஒன்றுதான். ஒன்று, ஆலங்குடி ரோட்டில் திருவரங்குளத்துக்குச் சற்று முன்னால், தைலமரக் காட்டை ஒட்டிப் பிளாட் போட்ட இடத்தில் இருந்த புது வீடு. மூன்று பெட்ரூம், கார் நிறுத்த ஷெட், ஹாலில் நின்று பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வரும். இன்னொன்று ஊருக்குள், கீழ மூன்றாம் வீதியிலிருந்து பிரிகிற சந்தில். ஒரு முன்னறை, ஒரு பெட்ரூம், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய அடுப்படி. ஆனால் மார்க்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடந்து போகிற தூரம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விற்க நினைக்கிற வீட்டை எடுத்த எடுப்பிலேயே காட்ட மாட்டோம். நெருக்கடியான ஒன்றை முதலில் காட்டி, மூச்சு முட்ட வைத்து, பிறகு பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போவோம். அங்கே வாசலில் அவர்கள் விடுகிற பெருமூச்சிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். முதலில் காட்டுவதற்கு எங்களுக்குள் "காட்டுற வீடு" என்று பெயர். சந்து வீட்டை நான் காட்டுற வீடாக வைத்துக்கொண்டேன். பார்க்க வரச் சொல்வது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ரோடு காலியாக இருக்கும், பைக் பறக்கும். என் கூட்டாளி மாணிக்கம் முன்கூட்டியே போய் மோட்டார் போட்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்படி செய்து வைத்திருப்பான்.

இத்தனை வீடு விற்றவன் குடியிருந்தது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். என் மனைவி மல்லிகா பிளவுஸ் தைக்கிறவள். அவளுக்குத் துணி கொண்டுவருகிற அத்தனை பேரும் சுற்றியுள்ள நாலு தெருக்காரர்கள். ஒருநாள் சந்து வீட்டைப் பார்க்க வந்தவள், கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து முன்னறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள். மிஷினுக்கு நாலடி, வெட்டுகிற மேசைக்கு ஐந்தடி, வருகிறவர்கள் நிற்க மூன்றடி. "இதையே முடிச்சிருங்க" என்றாள். எனக்குள் இருக்கிற புரோக்கர் சும்மா இருப்பானா? இரண்டு மாதம் விற்காமல் கிடந்தால் ஓனர் விலையைக் குறைப்பார், பொறு என்றேன். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"சரி, பொறுக்குறேன். ஆனா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை இந்த வீட்ட அடுத்தவுகளுக்குத் தொறந்து காட்டிக்கிட்டு இருக்காதீங்க."

நெல் கொட்டுகிற அறை

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து காட்டினேன். காட்டுவது விற்பதற்காக இல்லை என்று அவளுக்கு எப்படி விளங்கவைப்பது?

வந்தவர்கள் அரிமளத்துக்குப் பக்கத்து ஊர் ஆச்சியும் அவர் கணவரும். முப்பது வருஷம் சென்னையில் தொழில் செய்துவிட்டு, இனி இங்கே இருக்கலாம் என்று வந்திருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக ஒரு வீடு இருக்கிறது. அது தெரிந்தும் என் வித்தையை அவர்களிடம் காட்டப்போனேன் பாருங்கள், அதைத்தான் கிரகம் என்பது. சந்து வீட்டை ஆச்சி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சந்துக்குள் கார் வராது என்று மட்டும் கணவர் முனகினார். ஆகா என்று பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போய், மூன்று பெட்ரூம் கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, பெருமூச்சுக்காகக் காத்திருந்தேன்.

ஆச்சி ஒரே நிமிஷத்தில் சுற்றி வந்துவிட்டார். பெருமூச்சு வந்தது. ஆனால் அது நான் எதிர்பார்த்த வகைப் பெருமூச்சு இல்லை.

"இதையா தம்பி பெரிய வீடுங்கிறீங்க? எங்க வீட்டுல நெல்லுக் கொட்டுற ரூம்பு இம்புட்டு இருக்கும். அதக் கூட்டிப் பெருக்க ஆள் கெடைக்காமத்தான் சின்னதா ஒண்ணு தேடி வந்தோம், நீங்க மறுபடியும் வெளக்கமாத்தக் கையில குடுக்குறீங்க."

நடுவில் எத்தனை சுவர்

அடுத்து வந்தவர்கள் ஒரு மருமகளும் மாமியாரும். வீடு வாங்குகிற மகன் சிங்கப்பூரில். மருமகள் கையில் பிடித்திருந்த போனுக்குள் அவர் இருந்தார். சந்து வீட்டு அடுப்படிக்குள் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தார்கள். இருவரும் நிலைப்படியில் மாட்டிக்கொண்டு, நீ முதலில் போ, நீங்க முதல்ல போங்க என்று மரியாதையாகப் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளூரக் குஷி. காட்டுற வீடு தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

பெரிய வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. போன் அறை அறையாகப் போய் வந்தது. "பின்னாடி என்னம்மா, ஒரே பச்சையா இருக்கு?" என்று போனுக்குள்ளிருந்து கேட்டார். "காடுப்பா. மயிலு வந்து செவத்துல நிக்குது பாரு" என்று மாமியார் ஆசை ஆசையாகக் காட்டினார். மயில் ஒன்று உண்மையிலேயே காம்பவுண்டு சுவரில் நின்று என்னைப் பார்த்தது. "ரெண்டு பொம்பளைக தனியா இருக்கப் போறீக, காட்டுக்குள்ளயா?" என்றார் மகன். அத்தோடு பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது மருமகள் மட்டும் பின்தங்கி என்னிடம் மெதுவாகச் சொன்னது:

"அண்ணே, ரூம்பு எத்தனங்கிறது எனக்குக் கணக்கில்லண்ணே. எனக்கும் அத்தைக்கும் நடுவுல எத்தன செவரு இருக்குன்னு பாத்து, ஊருக்குள்ளயே ஒண்ணு சொல்லுங்க."

ஆரோக்கியசாமி சாரின் திங்கட்கிழமை

ஆரோக்கியசாமி சாருக்கு ஆவூர்ப் பக்கம் சொந்த ஊர். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி ஸ்டெல்லாவும் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர், மல்லிகாவிடம்தான் பிளவுஸ் தைப்பார். இரண்டு பிள்ளைகள். "ஆளுக்கொரு ரூம்பு வேணும்" என்று டீச்சர் சொன்னதுமே, பெரிய வீடு விற்றுவிட்டது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்குச் சந்து வீட்டை நான் பழித்த பழிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். காற்று வராது சார், வெளிச்சம் வராது சார், நாலு விருந்தாளி வந்தால் இரண்டு பேர் தெருவில்தான் சார் நிற்க வேண்டும். அந்த முன்னறையை மல்லிகா அளந்தது ஒருகணம் ஞாபகம் வந்தது. தொழில் வேறு, வீடு வேறு என்று தள்ளிவிட்டேன். பெரிய வீட்டு வாசலில் டீச்சர் விட்ட பெருமூச்சு மாணிக்கத்துக்கே கேட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் மாணிக்கம் போன் பண்ணினான். "சாரு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டாரு, சீக்கிரம் வா" என்றான். பறந்தடித்துப் போனால், அவன் நின்றுகொண்டிருந்தது சந்து வீட்டு வாசலில். சாரும் டீச்சரும் ஓனரும் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். காலை ஏழு மணிக்கே அவர் பெரிய வீட்டுக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை வந்து பார்த்திருக்கிறார். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை இத்தனை, பஸ்ஸுக்குக் காத்திருந்தது இத்தனை, நிற்காமல் போன பஸ் ஒன்று, படியில் தொங்கியது இத்தனை, பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடை இத்தனை. கூட்டிப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். ஒரு மணி பத்து நிமிஷம். சந்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு நிமிஷம். "என் வண்டில பத்து நிமிஷந்தான் சார்" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "நாங்க நாலு பேரு. தெனம் கொண்டாந்து விடுவீங்களா?" என்றார். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாமா என்று ஓனரைத் தேடினேன். அவர் ஏற்கெனவே எழுந்து போய் டீச்சருக்கு அடுப்படியைக் காட்டிக்கொண்டிருந்தார். சார் என் தோளில் தட்டி ஆறுதலாகவே சொன்னார்:

"இந்த வீட்டுக் கொறை அம்புட்டையும் நீங்களே ஒண்ணு விடாமச் சொல்லிட்டீங்க. அந்த வீட்டுக்கு ஒரு கொறைகூடச் சொல்லலையா, அதான் எனக்குச் சந்தேகம் வந்து பஸ் ஏறிப் பாத்தேன்."

மாணிக்கம் கேட்டது

மல்லிகா அந்த வீட்டின் மேல் ஆசை வைத்திருந்ததை நான் மாணிக்கத்திடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் விலை குறைக்கிற என் திட்டத்துக்கு இடைஞ்சல் பண்ணுவான் என்று நினைத்தேன். டீக்கடையில் வைத்து அன்றைக்குத்தான் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏண்டா, கட்டுனவளுக்குப் புடிச்ச வீட்ட எவனாச்சும் காட்டுற வீடா வச்சிருப்பானா?"

சொன்ன அன்று

வீட்டுக்குப் போனபோது மல்லிகா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்தச் சந்தில் காற்று வராது என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதி சொல்வதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. சத்தம் போடுவாள், சாப்பாடு போட மாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொக்கி டப்பாவை மூடினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஸ்டெல்லா டீச்சருதான? அவுகளுக்கு அளவெடுக்க இனிமே நான் அங்கிட்டே போய்க்கிறேன்."

அடுத்தவர் முன்னறை

தை பிறக்க மூன்று வாரம் இருந்தது. ஊருக்குள் எங்கள் லோன் தொகைக்கு வேறு வீடு அமையவில்லை. இத்தனை பேருக்குக் காட்டியும் விற்காமல் கிடந்தது ஒன்றே ஒன்று. ஓனர் விலையைக் குறைத்தார். நான் சொன்ன மாதிரியே, ஆனால் வேறு வீட்டு ஓனர். பால் காய்ச்சிக் குடிபோனோம்.

மூன்றாவது பெட்ரூம் முழுவதையும் மல்லிகாவின் தையலுக்கு விட்டேன். அவள் மிஷினை மிதித்தால் சத்தம் சுவரில் பட்டு, பக்கத்தில் இன்னொருத்தி தைக்கிற மாதிரி கேட்கும். அந்த இன்னொருத்தியைத் தவிர வேறு யாரும் வரவில்லை. ஒரு பிளவுஸுக்காகத் திருவரங்குளம் வரைக்கும் யார் வருவார்கள்? மயில் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகும். ஊர் இங்கிட்டுத்தான் வளரப்போகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லா டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார்களாம், நாங்கள் பள்ளிக்கூடம் போனால் முன்னறை சாயங்காலம் வரை சும்மாத்தானே கிடக்கிறது, மிஷினை இங்கே கொண்டுவந்து போட்டுக்கொள் என்று. குட்டி யானை லோடு வண்டியில் மிஷினும் மேசையும் ஊருக்குத் திரும்பிப் போயின. முதல் நாள் நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறேன், எத்தனை நிமிஷம் என்று எனக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நேரத்தைச் சொல்வாள், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று இருந்தேன். அவளோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, கொஞ்சம் சந்தோஷமாகக்கூடச் சொன்னாள்:

"ஏங்க, மிஷினு நாலடில கச்சிதமா ஒக்காந்துருச்சு, மேசைக்கு அஞ்சடி, நிக்கிறவுகளுக்கு மூணடி. அன்னைக்கு நான் அளந்தது சரியாத்தான் இருந்துருக்கு."

பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொல்லி விற்ற அந்தப் பத்து நிமிஷத்தை, இப்போது வாரத்தில் ஐந்து நாள், போக ஒரு மணி நேரமும் வர ஒரு மணி நேரமுமாக, பஸ்ஸில் நின்றுகொண்டே அனுபவித்துக்கொண்டிருப்பவள் என் மனைவி.